ஐசி-38 தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் தவறினேன்: விபத்து, மருத்துவக் காப்பீட்டுப் பாடத்தில் உதவி தேவை

பல்லடம் தமயந்தி
திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காப்பீட்டு முகவர் தேர்வு, ஐசி-38, தமிழில் எழுதினேன். ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், தேர்ச்சிக்கு 35 சதவீதம். அதாவது 18 எடுத்தால் போதும். எனக்கு 16. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பன்னிரண்டு வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படிப் பார்த்தால் இரண்டு மாதம் இரவு கண்விழித்ததன் பலன் நான்கு மதிப்பெண்.

பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கூட்டல் கழித்தலுக்குப் பயமில்லை. வார்த்தைகள்தான் வழுக்குகின்றன. வீட்டுக்கு வந்தபிறகும் மூன்று கேள்விகள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அப்படியே நினைவில் இல்லை, சாரத்தைச் சொல்கிறேன்:

ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு மாரடைப்பு வந்து, கீழே விழுந்து இறந்தார். விபத்துக் காப்பீடு கிடைக்குமா? "கிடைக்கும்" என்று போட்டேன். சாலையில் விழுந்து இறந்தால் விபத்து இல்லாமல் வேறென்ன?

ஆரோக்கிய சஞ்சீவனி (எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான மருத்துவப் பாலிசி), காப்பீட்டுத் தொகை 3 இலட்சம். ஒரு நாள் அறை வாடகை எவ்வளவு வரை? இரண்டு சதவீதம், ஆக 6,000 என்று போட்டேன்.

முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம். என்னிடம் உள்ள ஒரு புத்தகத்தில் 48 மாதம், இன்னொன்றில் 36 மாதம்.

அடுத்த மாதம் மறுபடியும் எழுதப்போகிறேன். பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.


கோப்பு எண் ஒன்பது
திங்கள், இரவு 10.25

அம்மா, நான் பொதுக் காப்பீட்டு நிறுவனமொன்றின் கிளெய்ம் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன இரண்டு விடையுமே தவறு, அல்லது அரைகுறை. வருத்தப்பட வேண்டாம்.

முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "பில்லுக்குப் பணம்" என்று எழுதுங்கள். வலப்பக்கம் "நிகழ்வுக்குப் பணம்". ஆஸ்பத்திரியில் படுத்து, செலவழித்து, அந்தச் செலவை ஈடு செய்யும் மருத்துவக் காப்பீடு இடப்பக்கம். விபத்து மரணம், கை கால் இழப்பு, தீவிர நோய் பாலிசி, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தரும் ஆஸ்பத்திரி ரொக்கப் பாலிசி எல்லாம் வலப்பக்கம். அங்கே பில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பாலிசியில் சொன்ன நிகழ்வு நடந்ததா என்பதுதான் கேள்வி.

புத்தகத்தில் ஈட்டுறுதிக் கொள்கை (இழந்த அளவுக்கு மட்டுமே ஈடு), பங்களிப்பு (பல பாலிசிகள் இழப்பைப் பகிர்ந்துகொள்வது), சப்ரோகேஷன் (ஈடு கொடுத்த நிறுவனம், இழப்புக்குக் காரணமானவரிடம் அதை வசூலிக்கும் உரிமை) என்று தனித்தனி அத்தியாயமாகப் பயமுறுத்துவார்கள். மூன்றும் இடப்பக்கத்துக்கு மட்டும்தான். இரண்டு மருத்துவப் பாலிசி வைத்திருப்பவர் எதிலிருந்து முதலில் கேட்பது என்று தானே தேர்ந்தெடுக்கலாம், தீராத மிச்சத்தை மற்றதில் கேட்கலாம். ஆனால் ஒரு இலட்சம் பில்லுக்கு இரண்டு இலட்சம் வாங்க முடியாது. அதே மனிதர் மூன்று தனிநபர் விபத்துப் பாலிசி வைத்திருந்து இறந்தால் மூன்றும் முழுதாகக் கொடுக்கும். உயிருக்குச் சந்தை விலை கிடையாது, அதனால் "இழப்புக்கு மேல் வாங்கிவிட்டார்" என்ற பேச்சே எழாது. தேர்வில் "எந்தப் பாலிசிக்கு சப்ரோகேஷன் பொருந்தாது?" என்று வந்தால் தனிநபர் விபத்தைத் தொடுங்கள்.

இப்போது ஸ்கூட்டர். வலப்பக்கத்துக் கேள்வி அது. நிகழ்வு எது? விபத்து. விபத்து என்றால் என்ன என்று பாலிசியே சொல்கிறது: திடீரென்று, எதிர்பாராமல், தன் விருப்பமின்றி, வெளியிலிருந்து, கண்ணுக்குப் புலப்படும் வகையில், வன்மையாக நேர்ந்தது. இந்த ஆறில் மாரடைப்புக்கு முதல் மூன்று பொருந்தும். நான்காவதில் நின்றுவிடும். அது உள்ளிருந்து வந்தது.

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதே போன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மோட்டார் சைக்கிளில் போனவருக்கு நெஞ்சிலும் தோளிலும் வலி, விழுந்தார், மாரடைப்பால் இறந்தார். விபத்துக்கான கூடுதல் தொகையை நிறுவனம் மறுத்தது. விழுந்ததால் உடலில் காயம் பட்டதற்கோ, அந்தக் காயம்தான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்பதற்கோ சான்று இல்லை என்று மறுப்பை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.


சந்தேகப் பிராணி
திங்கள், இரவு 11.10

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பயிற்சி வகுப்பில் 1880ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்று சொன்னார்கள். ஓடையைக் கடந்துகொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தது, தண்ணீரில் விழுந்து மூழ்கி இறந்தார். விபத்துப் பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அடுத்த ஆண்டே இன்னொன்று: ரயில்வே நடைமேடையில் ஒருவருக்கு வலிப்பு, தண்டவாளத்தில் விழுந்தார், ரயில் ஏறியது. அதுவும் விபத்துதான்.

வலிப்பும் உள்ளிருந்து வந்த நோய்தானே? ஓடையில் விழுந்தவனுக்கு ஒரு நியாயம், ஸ்கூட்டரில் விழுந்தவனுக்கு ஒரு நியாயமா? அல்லது வெள்ளைக்காரன் கம்பெனிக்குத் தாராள மனசா?


கோப்பு எண் ஒன்பது
செவ்வாய், காலை 6.15

தாராள மனசுள்ள கம்பெனியை நான் எந்த தேசத்திலும் கேள்விப்பட்டதில்லை. அந்த இரண்டு வழக்கிலும் கம்பெனி மறுத்ததால்தான் நீதிமன்றத்துக்கே போனார்கள்.

நல்ல கேள்வி, தமயந்தி அம்மாவும் கவனிக்கவும். அண்மைக் காரணம் என்ற பாடம் இதுதான். "அண்மை" என்றவுடன் நேரத்தில் கடைசியாக வந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. எது வலுவான, செயல்படும் காரணமோ, எது தொடர்ச்சியாக விளைவை இழுத்து வந்ததோ, அது. ஓடையில் விழுந்தவரைக் கொன்றது எது? தண்ணீர். வலிப்பு வந்த எல்லாரும் இறப்பதில்லை. அவர் கரையில் விழுந்திருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். நடைமேடைக்காரரைக் கொன்றது ரயில். ஸ்கூட்டர்காரரைக் கொன்றது அவருடைய இதயம். அவர் கட்டிலில் படுத்திருந்தாலும் அதுவே நடந்திருக்கும்.

அதே ஸ்கூட்டர்காரர் மாரடைப்பில் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி, பிரேதப் பரிசோதனையில் மண்டை உடைந்ததே மரணத்துக்குக் காரணம் என்று வந்திருந்தால் கதை வேறு. எங்கள் மேசையில் நாங்கள் முதலில் புரட்டுவது முதல் தகவல் அறிக்கையை அல்ல, பிரேதப் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பத்தியைத்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு பழைய வழக்கு உண்டு, 1909. வேட்டைக்குப் போனவர் குதிரையிலிருந்து விழுந்து, ஈரத்தரையில் நனைந்து, உடல் தளர்ந்து, நிமோனியா வந்து சில நாளில் இறந்தார். நிமோனியா நோய்தான். ஆனால் அதை இழுத்து வந்தது விழுந்தது. விபத்து மரணம் என்றே தீர்ப்பு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுபடாமல் அடுத்ததை இழுத்ததா என்று பாருங்கள்.


காரைக்கால் கடலோன்
செவ்வாய், காலை 8.50

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாம்பு கடித்தால் விபத்து, நாய் கடித்தால் விபத்து. கொசு கடித்தால்? டெங்குவில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்காகக் கேட்கிறேன்.


கோப்பு எண் ஒன்பது
செவ்வாய், காலை 9.30

கேட்கப்பட்ட கேள்விதான், ஐயா. மொசாம்பிக்கில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இந்தியர் ஒருவர் மலேரியாவில் இறந்தார். வீட்டுக் கடனோடு இணைந்த பாலிசியில் விபத்து மரணப் பாதுகாப்பு இருந்தது. நுகர்வோர் ஆணையங்கள் குடும்பத்தின் பக்கம் நின்றன. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது: மலேரியா மூன்றில் ஒருவருக்கு வரும் நாட்டில் கொசு கடித்து நோய் வருவது எதிர்பாராதது அல்ல, அது இயல்பான வழியில் வரும் நோய்.

பாம்புக்கடி வேறு. விஷம் நேராக உடலைத் தாக்குகிறது. அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டமான பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுந்ததற்கும் உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு இருந்தால் போதும். சாலை விபத்து, நீரில் மூழ்குவது போன்றவற்றுக்குக் காவல் துறைக்குத் தகவல் தந்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் எண்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வயது 18 முதல் 70, ஆண்டுக்கு 20 ரூபாய் (2022 ஜூனுக்கு முன் 12), மரணம் அல்லது முழு ஊனத்துக்கு 2 இலட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சம், ஜூன் 1 முதல் மே 31 வரை.

டெங்குக் குடும்பத்துக்கு விபத்துப் பாலிசி உதவாது. ஆயுள் காப்பீடும், வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறையப் பேர் வீட்டில் அது இருப்பதே தெரியாமல் இருக்கிறது.


பில் கவுன்ட்டர்
செவ்வாய், மதியம் 2.05

தமயந்தி அக்கா, இரண்டாம் கேள்வி என் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

ஆரோக்கிய சஞ்சீவனியில் அறை வாடகை 2 சதவீதம் என்று நீங்கள் படித்தது சரி. ஆனால் அந்த வரி அங்கே முடியவில்லை, "அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000" என்று தொடர்கிறது. ஆக 3 இலட்சத்துக்கும் 5,000தான், 5 இலட்சத்துக்கும் 5,000தான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000. கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000, எது குறைவோ அது. "எது குறைவோ" என்ற இரண்டு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

அந்த 5,000 வெறும் அறைக்கு மட்டும் அல்ல. அறை, உணவு, செவிலியர் கட்டணம் எல்லாம் சேர்த்து. எங்களிடம் நோயாளிகள் "ஐயாயிரம் ரூமுக்குள்தான் எடுத்தேன்" என்பார்கள். பில்லில் நர்ஸிங் 900 தனி வரியாக இருக்கும்.

இனி உண்மையான அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒருவர் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறார்.

அறை (செவிலியர் உட்பட): 32,000
அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு: 80,000
மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய பிளேட்: 40,000
மொத்தம்: 1,52,000

"மூவாயிரம் வீதம் நான்கு நாள், பன்னிரண்டாயிரம்தானே என் கையிலிருந்து" என்று நினைத்துக்கொண்டு வருவார். அப்படி இல்லை. தகுதி 5,000, எடுத்தது 8,000, ஆக எட்டில் ஐந்து பங்கு. அந்த விகிதம் அறையோடு தொடர்புடைய மருத்துவர் கட்டணத்துக்கும் அரங்குக் கட்டணத்துக்கும் பாயும். 80,000 என்பது 50,000 ஆகிவிடும். அறை 20,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் பிளேட்டுக்கும் இந்த வெட்டு கிடையாது, 40,000 அப்படியே. கூட்டினால் 1,10,000. இந்தப் பாலிசியில் 5 சதவீதம் கோ-பே உண்டு, 5,500 போகும். கிடைப்பது 1,04,500. கையிலிருந்து 47,500.

அறைக்கு அறை மருத்துவர் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்த விகித வெட்டைப் போடக் கூடாது. அதையும் ஒரு கேள்வியாகக் கேட்பார்கள்.


பல்லடம் தமயந்தி
செவ்வாய், இரவு 9.15

தம்பி, இரண்டு முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது. 47,500 என்பது எங்கள் கம்பெனியில் ஒரு சிங்கர் டைலரின் பல மாதச் சேமிப்பு. மூவாயிரம் ரூபாய் நல்ல அறைக்காக.

கோ-பேயும் டிடக்டிபிளும் ஒன்றா? இரண்டும் "வாடிக்கையாளர் பங்கு" என்றே என் நோட்ஸில் இருக்கிறது.


பில் கவுன்ட்டர்
செவ்வாய், இரவு 9.50

இல்லை அக்கா. கோ-பே என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட தொகையில் சதவீதம், ஒவ்வொரு கிளெய்மிலும். டிடக்டிபிள் என்பது ஒரு வாசற்படி. அதைத் தாண்டினால்தான் கம்பெனி உள்ளே வரும்.

டிடக்டிபிளுக்கு மேல் வரும் செலவுக்கு எடுக்கும் கூடுதல் பாலிசிகள்தான் டாப்-அப், சூப்பர் டாப்-அப். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த வாசற்படியை எப்படி அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. டிடக்டிபிள் 3 இலட்சம். ஒரே வருடத்தில் இரண்டு முறை அட்மிஷன், ஒவ்வொன்றும் 2 இலட்சம். டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனியாக அளக்கும், ஆகவே பூஜ்யம். சூப்பர் டாப்-அப் வருடம் முழுவதையும் கூட்டி அளக்கும். 4 இலட்சத்தில் 3 கழித்து 1 இலட்சம் தரும்.


உத்தமபாளையத்துக்காரர்
புதன், காலை 7.20

இருபத்திரண்டு வருடமாக முகவர். மூன்றாம் கேள்வியை யாரும் தொடவில்லையே என்று வந்தேன்.

தங்கச்சி, உங்கள் இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஒன்று பழசு. 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளை மாற்றியது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமானது. மொரட்டோரியம் (கீழே விளக்குகிறேன்) 8 வருடமாக இருந்தது, 60 மாதமானது. பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் 15 நாளிலிருந்து 30 நாள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தமிழ் நோட்ஸ் பாதிக்கு மேல் பழைய எண்கள். அதில் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றும் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் அது இல்லை. நிறுவனம் தரும் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து மட்டும் படியுங்கள்.

இந்த 36இல் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு 36 உண்டு. ஒன்று பின்னோக்கி: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய்தான் "முன்பே இருந்த நோய்". மற்றது முன்னோக்கி: அந்த நோய்க்கான சிகிச்சைக்குப் பணம் கிடைக்க நீங்கள் காத்திருக்கும் காலம். தேர்வில் கேள்வியை அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

காத்திருப்பு மொத்தம் மூன்று வகை. முதல் 30 நாள் எந்த நோய்க்கும் கிடையாது, விபத்துக்கு மட்டும் முதல் நாளே உண்டு. குடலிறக்கம், கண்புரை, மூலம், சிறுநீரகக் கல் போன்ற பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் 24 மாதம். பிறகு முன்பே இருந்த நோய். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போர்ட் செய்தால் கழித்த காலம் கூடவே வரும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான். கூட்டிய தொகைக்குக் கடிகாரம் புதிதாக ஓடும்.

மொரட்டோரியம் என்பதை "ஐந்து வருடம் ஆனால் எல்லாம் கிடைக்கும்" என்று நம் முகவர்களே ஊரில் சொல்கிறார்கள். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியில், நோயை மறைத்தாய், தவறாகச் சொன்னாய் என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர. அவ்வளவுதான். நிரந்தர விலக்குகளும் கோ-பேயும் உச்சவரம்புகளும் அப்படியே இருக்கும்.


சந்தேகப் பிராணி
புதன், காலை 10.40

அண்ணா, அப்படியானால் சர்க்கரையைச் சொல்லாமல் பாலிசி எடுத்து ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் முடிந்தது. வாடிக்கையாளருக்குப் பிரீமியமும் குறைவு. பல முகவர்கள் இதைத்தானே சொல்லி விற்கிறார்கள்?


உத்தமபாளையத்துக்காரர்
புதன், மதியம் 12.30

சொல்லித்தான் விற்கிறார்கள். நானும் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவர், எனக்கு மாமா முறை. முன்மொழிவுப் படிவத்தை என் கையால்தான் நிரப்பினேன். அவர் கையெழுத்து மட்டும் போட்டார். சர்க்கரை இருக்கிறதா என்ற கட்டத்தில் "இல்லை" என்று டிக் அடித்தேன். மாத்திரை டப்பா அவர் கல்லாப்பெட்டிமேல் இருந்ததை நான் பார்த்திருந்தேன். இரண்டாம் வருடம் காலில் புண், ஆஸ்பத்திரி, கிளெய்ம் மறுப்பு, பாலிசியும் ரத்து. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைக்குப் போனால் பேப்பரைப் படித்துக்கொண்டே சில்லறை கொடுப்பார். 

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும், சர்க்கரை சம்பந்தப்பட்டதற்குக் காத்திருப்பு இருந்திருக்கும். மற்ற எல்லாம் கிடைத்திருக்கும். முழு நன்னம்பிக்கை என்ற பாடத்தில் 1766இல் லார்ட் மான்ஸ்ஃபீல்ட் சொன்னது என்று ஒரு பத்தி வரும். காப்பீடு எடுப்பவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைக் கம்பெனி எப்படி அறியும், அதனால் அவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாத்திரை டப்பாதான் தெரிகிறது.


பில் கவுன்ட்டர்
புதன், மாலை 6.00

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நோயாளியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது பணி மருத்துவர் கேட்பார், "சர்க்கரை எத்தனை வருடமாக?" கூட வந்த மைத்துனர் பதற்றத்தில் "ரொம்ப வருடமாக, பத்து இருக்கும்" என்பார். உண்மையில் போன வருடம்தான் கண்டுபிடித்திருப்பார்கள். "பத்து வருடம்" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அப்படியே போகும். பாலிசி நான்கு வருடத்துக்கு முன்னால் எடுத்தது என்றால் மறைத்ததாக ஆகிவிட்டது. ஒரு சொல்லைத் திருத்த முதல் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைத் தேடி வீட்டுப் பரணில் ஏறிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளர்களிடம் முதல் பரிசோதனைச் சீட்டைப் பாலிசியோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், அக்கா.

இன்னொன்று. கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு நிறுவனமே நேராகப் பணம் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை. கிளெய்மை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. டி.பி.ஏ. என்பவர் நடுவில் காகிதம் கையாள்பவர், பணம் அவர் பணமில்லை. இதுவும் தேர்வுக்கு வரும்.


காரைக்கால் கடலோன்
புதன், இரவு 8.10

மறுத்துவிட்டால்?


கோப்பு எண் ஒன்பது
புதன், இரவு 8.45

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 இலட்சம் வரை. தமிழ்நாட்டுக்கும் உங்கள் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். நானே அங்கே நிறுவனத்தின் தரப்பில் பல முறை நின்று, சில முறை தோற்றிருக்கிறேன். தோற்றதில் ஒன்றிரண்டுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.


பல்லடம் தமயந்தி
வியாழன், இரவு 10.00

கோடு போட்ட தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். விபத்து ஊன அட்டவணை ஒன்றுதான் பாக்கி. கட்டைவிரலுக்கு 25 சதவீதம், ஆட்காட்டி விரலுக்கு 10 என்று படித்தேன். எங்கள் ஊரில் கட்டிங் மாஸ்டருக்குக் கட்டைவிரல் போனால் வேலையே போயிற்று. அவருக்கும் ஒரு வாத்தியாருக்கும் அதே 25தானா?


கோப்பு எண் ஒன்பது
வெள்ளி, காலை 6.30

அதே 25தான், அம்மா. அட்டவணை விரலைத்தான் பார்க்கும், அது செய்த வேலையைப் பார்க்காது. வலப்பக்கத்தின் குறை அது. 5 இலட்சம் பாலிசியில் 1.25 இலட்சம், பேரம் இல்லை, வாக்குவாதமும் இல்லை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண்ணுக்கு 50, இவற்றில் இரண்டு போனால் 100. தற்காலிகமாக முழுக்க வேலை செய்ய முடியாமல் போனால் பழைய வகைப் பாலிசிகளில் வாரத்துக்கு 1 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். ஆறு வாரம் கட்டுப்போட்டுப் படுத்திருந்தால் 5 இலட்சத்துக்கு 30,000. 2021இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்த சரல் சுரக்ஷா பீமா என்ற விபத்துப் பாலிசியில் இதே பயன் விருப்பத் தேர்வு, வாரத்துக்கு 0.2 சதவீதம்தான்.

தொழில் எங்கே நுழைகிறது என்றால் பிரீமியத்தில். மருத்துவக் காப்பீட்டில் வயது பேசும், விபத்துக் காப்பீட்டில் தொழில் பேசும். கணக்கர், வக்கீல், மருத்துவர் முதல் பிரிவு. ஓட்டுநர், உடலுழைப்பாளர் இரண்டாம் பிரிவு. சுரங்கம், வெடிமருந்து, உயரழுத்த மின்சாரம், குதிரைப் பந்தய ஜாக்கி, சர்க்கஸ் கலைஞர் மூன்றாம் பிரிவு. சர்க்கஸ் கலைஞரிடமிருந்து ஒரு முன்மொழிவுப் படிவமும் என் மேசைக்கு வந்ததில்லை, சிவகாசியிலிருந்து கட்டுக்கட்டாக வந்திருக்கிறது.

வண்டி ஓட்டும் உரிமையாளருக்குச் சட்டப்படி கட்டாயமான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 இலட்சம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.


பல்லடம் தமயந்தி
(ஐந்து வாரம் கழித்து) ஞாயிறு, மாலை 5.20

34. தேறிவிட்டேன்.

ஸ்கூட்டர் வரவில்லை. ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொற்று வந்து இறந்ததாகக் கேட்டிருந்தார்கள். குதிரைக்காரரை நினைத்துக்கொண்டு "விபத்து" என்று போட்டேன். சூப்பர் டாப்-அப் கணக்கு அப்படியே வந்தது, தம்பி.

முதல் படிவம் என் மாமனாருக்குத்தான் நிரப்பினேன். சர்க்கரைக் கட்டத்தில் "ஆம்" என்று போட்டதும் "எதுக்கும்மா, வெறும் இனிப்புதானே கொஞ்சம் குறைக்கச் சொன்னார் டாக்டர்" என்று மல்லுக்கு நின்றார். முதல் பரிசோதனைச் சீட்டைக் கேட்டேன். 2017, ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

முகவர் விண்ணப்பமான படிவம் 1-ஏ கொடுக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலுக்குக் கெஜட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டுமா, நானே கையெழுத்துப் போட்டால் போதுமா?


உத்தமபாளையத்துக்காரர்
ஞாயிறு, மாலை 5.45

வாழ்த்துகள், தங்கச்சி. நீங்களே கையெழுத்துப் போட்டு, அசலையும் கையில் கொண்டுபோங்கள். கிளையில் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டால் இன்னொரு பஸ் டிக்கெட் மிச்சம்.